காட்டில் தங்கி மலை ஏறும் முதல் பயணம்: கிளம்பும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

முதன்முதலாகக் காட்டுக்குள் ஓர் இரவு தங்கப் போனபோது என் பையில் நெற்றி விளக்கு இருந்தது, புது பேட்டரியும் போட்டிருந்தேன். இருட்டத் தொடங்கியதும் விளக்கைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. பைக்குள் ஏதோ அதன் பொத்தானை அழுத்தியிருக்கிறது, காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. மினுக் மினுக்கென்று இரண்டு முறை கண்சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. கூடாரம் போட வேண்டிய இடத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கூட வந்தவனின் ஒற்றை விளக்கில் இரண்டு பேரும் மரவேர்களைக் காலால் தடவித் தடவிப் போய்ச் சேர்ந்தோம்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிறகு யோசித்தால், அன்றைய தவறுகளில் ஒன்றுகூட மலையில் நடந்ததில்லை. விளக்கைப் பூட்டாமல் பைக்குள் போட்டது வீட்டில். ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல் தூரத்தை மட்டும் பார்த்து ‘நாலு மணி நேர நடைதான்’ என்று முடிவு கட்டியதும் வீட்டில். (விளக்கில் பூட்டும் வசதி இல்லையென்றால் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டு வையுங்கள்.) அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றித்தான்.

1. பாதையைத் தேர்ந்தெடுப்பது

முதல் பயணத்துக்கு ஓர் இரவு போதும். ஏற்கெனவே பலர் நடந்து தேய்ந்த பாதை, தண்ணீர் கிடைக்கும் முகாம் இடம், நடுவில் எங்கிருந்தாவது இறங்கி வெளியேற ஒரு வழி. இந்த மூன்றும் இருக்க வேண்டும். சிகரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. படத்தில் பார்த்து மயங்கிய இடத்துக்கே முதல் தடவை போக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்ததும் பையை விற்றுவிட்டார்கள்.

அந்தக் காட்டுக்கு அனுமதி தேவையா, எந்த மாதங்களில் பாதையை மூடுவார்கள், நெருப்பு மூட்டலாமா, வழிகாட்டி கட்டாயமா என்பதையெல்லாம் அந்தப் பகுதியைப் பராமரிக்கும் அலுவலகத்திடமே கேளுங்கள். சமீபத்தில் மரம் விழுந்திருக்கிறதா, பாலம் அடித்துப் போயிருக்கிறதா, ஓடையில் தண்ணீர் ஓடுகிறதா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். வரைபடத்தில் நீலக்கோடு இருப்பதால் மட்டும் அங்கே தண்ணீர் இருக்கும் என்று நம்ப முடியாது. கோடையில் பல ஓடைகள் வெறும் கல்லாகக் கிடக்கும்.

2. நூலும் வரைபடமும்: நேரக் கணக்கு

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடத்தைக் காகிதத்தில் வாங்குங்கள் அல்லது அச்சிடுங்கள். 1:50,000 அளவு என்றால் வரைபடத்தில் 2 செ.மீ. தரையில் 1 கி.மீ. 1:25,000 என்றால் 4 செ.மீ. ஒரு நூலை எடுத்து, பாதை வளையும் இடமெல்லாம் வளைத்து அதன்மேல் வைத்துக்கொண்டே போங்கள். லேசாக ஈரப்படுத்தினால் நூல் நகராது. பிறகு நூலை நீட்டி ஸ்கேலில் அளந்தால் தூரம் கிடைத்துவிடும். மலைப்பாதை கொண்டையூசி போல வளைந்து வளைந்து ஏறுவதால், உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே நடப்பீர்கள்.

அடுத்து ஏற்றம். பாதை எத்தனை சம உயரக் கோடுகளைக் கடந்து மேலே போகிறது என்று எண்ணுங்கள். கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் என்றால், 45 கோடுகளைக் கடந்தால் 900 மீட்டர் ஏற்றம். ஏறி இறங்கி மறுபடி ஏறும் பாதையென்றால் ஒவ்வொரு ஏற்றத்தையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். தொடக்க இடத்துக்கும் முடிவிடத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடம் செங்குத்து, விலகிக் கிடக்கும் இடம் சமதளம். முகாம் போட நல்ல இடம் எது என்பதும் இதிலேயே தெரியும்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நம் பாதை 12 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி. மொத்தம் ஏறக்குறைய 4 மணி நேரம். இது பழகிய கால்களுக்கு, ஓய்வே எடுக்காமல் நடந்தால். முதுகில் சுமையோடு போகும் புதியவர் இதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும்: 6 மணி. சாப்பாடு, ஓய்வு, படம் பிடிப்பது, செருப்புக்குள் விழுந்த கல்லை எடுப்பது எல்லாம் சேர்த்து இன்னொரு மணி: 7. காலை 8-க்குக் கிளம்பினால் மாலை 3-க்கு முகாம். கூடாரம் போடவும் தண்ணீர் எடுக்கவும் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. அதே பாதையில் 11-க்குக் கிளம்பினால் மாலை 6. நான் அன்று மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: திரும்பும் நேரம். ‘இந்த மணிக்குள் அந்தக் கணவாயைத் தொடவில்லையென்றால், எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்பிவிடுவோம்’ என்று வீட்டில் உட்கார்ந்து முடிவெடுத்து எழுதிவைக்க வேண்டும். மேலே போனபின் முடிவெடுக்கலாம் என்று விட்டால், ‘இன்னும் பத்து நிமிஷம்தான்’ என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டுவோம்.

3. ஒரு தாளில் எல்லாம்

பொருட்களில் எதை மறந்தாலும் சமாளிக்கலாம், இந்தத் தாளை மறக்காதீர்கள். யார் யார் போகிறோம், எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறோம், எங்கே தங்குகிறோம், மழை வந்தால் மாற்றுத் திட்டம் என்ன, வண்டியை எங்கே நிறுத்துகிறோம், வண்டி எண், கூடாரத்தின் நிறம், மேல்சட்டையின் நிறம், யாருக்காவது ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உண்டா, இதையெல்லாம் எழுதி வீட்டில் இருக்கும் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். கடைசி வரி முக்கியம்: ‘ஞாயிறு இரவு 8 மணிக்குள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் இந்த எண்ணுக்கு அழை.’ அந்த எண் அங்குள்ள மீட்புக் குழுவுடையதோ வனக் காவலருடையதோ காவல் நிலையத்துடையதோ, எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே விசாரித்து எழுத வேண்டும்.

‘மலைக்குப் போறேன், ரெண்டு நாள்ல வந்துடுவேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், தேடி வருகிறவர்கள் எந்த மலையைத் தேடுவார்கள்? தாளில் எழுதிய வழியை நடுவில் மாற்றாதீர்கள். மாற்றினால் அந்தத் தாள் உதவுவதற்குப் பதிலாகத் தேடுகிறவர்களை வேறு திசைக்கு அனுப்பிவிடும்.

4. உடம்பும் காலும்

ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் வேக நடை, முடிந்தால் படிக்கட்டு. கடைசி இரண்டு மூன்று வாரம் பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி அதே நடை. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வாங்கிக்கொள்ளும். தொடைத் தசை களைத்துப்போன மாலை நேர இறக்கத்தில்தான் கால் பிசகுவது அதிகம். ஆகவே படிக்கட்டில் மெதுவாக இறங்கியும் பழகுங்கள்.

ஷூவைப் பயணத்துக்கு முந்தின நாள் வாங்கக் கூடாது. வாங்கி, குறைந்தது சில வாரம் போட்டு நடந்து பழக்க வேண்டும். கடைக்கு மாலையில் போங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, சரிவில் இறங்குவது போல முன்னுக்குச் சாய்ந்தால் விரல் முனை ஷூவின் நுனியில் இடிக்கக் கூடாது. கிளம்பும் முன் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். நகம் நீண்டிருந்தால் இறக்கத்தில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும்.

நடக்கும்போது குதிகாலில் ‘சுர்’ரென்று ஒரு சூடு தெரிந்தால் அந்த நிமிடமே நில்லுங்கள். ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, அந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்று கூச்சப்பட்டு அரை மணி நடந்தால் அது கொப்புளமாகிவிடும்; மறுநாள் முழுக்க எல்லோரும் உங்களுக்காக நொண்டி நொண்டி நடப்பார்கள்.

5. பைக்குள் என்ன

சியாட்டிலின் தி மவுண்டனியர்ஸ் என்ற மலையேற்ற அமைப்பு 1930-களிலேயே ‘பத்து அத்தியாவசியங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டது. இன்றைக்கு அதை இப்படிச் சொல்லலாம்: வழி கண்டுபிடிக்க வரைபடமும் திசைகாட்டியும், விளக்கு, வெயில் காப்பு, முதலுதவி, கத்தி, நெருப்பு, ஒதுங்க ஏதாவது ஒரு மறைப்பு, கூடுதல் உணவு, கூடுதல் தண்ணீர், கூடுதல் உடை. அதோடு ஒரு விசில். பையின் தோள்பட்டையில் கட்டித் தொங்கவிடுங்கள். பைக்குள் அடியில் கிடக்கும் விசில் பள்ளத்தில் விழுந்தவருக்குப் பயன்படாது.

உடையில் பருத்தியைத் தவிருங்கள். நனைந்தால் ஈரத்தை விடாது, உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடம்போடு ஒட்டிய அடுக்குக்குச் செயற்கை இழை அல்லது கம்பளி, அதன்மேல் சூடு காக்கும் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேல்சட்டை. உறங்கும்போது போட ஒரு ஜோடி உடையையும் காலுறையையும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாக வையுங்கள். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. மழையில் நனைந்த நாளின் இரவில், கூடாரத்துக்குள் அந்தக் காய்ந்த காலுறையை இழுத்து மாட்டும் சுகம் இருக்கிறதே, அனுபவித்தால்தான் தெரியும்.

எடை? மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பாருங்கள். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை ஏறி நின்றால் தெரிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறந்துவிடாதீர்கள். ஸ்லீப்பிங் பேக் அடியில், கனமான சாமான் நடுவில் முதுகை ஒட்டி, மழைச் சட்டையும் சிற்றுண்டியும் மேலே. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டினால் சுமையில் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடும்.

எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு ஒத்திகை பாருங்கள். வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டு ஓர் இரவு படுங்கள். கம்பி ஒன்று குறைகிறது, அடுப்பு பற்றவில்லை, காற்றடைத்த விரிப்பு காற்றை இழக்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிட்டால் நல்லது.

6. தண்ணீரும் சாப்பாடும்

மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். வெயில் கடுமையாக இருந்தால் கூடுதல். ஓடைத் தண்ணீர் எவ்வளவு பளிங்காக இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. மேலே எங்கோ ஒரு மிருகம் செத்துக் கிடக்கலாம். கொதிக்க வைப்பது நம்பகமானது: நன்றாகக் குமிழியிட்டுக் கொதித்து ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். உயரம் கூடக் கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால்தான் இந்தக் கூடுதல் நேரம். கையடக்க வடிகட்டிகளில் பெரும்பாலானவை பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், வைரஸை விட்டுவிடும். மனிதக் கழிவு கலக்க வாய்ப்புள்ள நீரென்றால் வடிகட்டியதோடு நிறுத்தாமல், நீரைச் சுத்திகரிக்கும் மாத்திரையையும் அதில் போடுங்கள். உறையில் எழுதிய நேரம் வரை காத்திருங்கள்.

உலர் உணவாக ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போதும். அதோடு ஒரு நாளுக்கான உணவைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்கவே கூடாது, மழை கொட்டினாலும்தான். தீப்பிடிப்பது ஒரு பக்கம். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் ஆளைத் தூங்க வைத்துவிடும். உணவையும் வாசனையுள்ள பற்பசை, சோப்பு போன்றவற்றையும் தூங்கும் இடத்திலிருந்து தள்ளி, அந்தக் காட்டு மிருகங்களுக்கு ஏற்றபடி அங்குள்ளவர்கள் சொல்லும் முறையில் வையுங்கள்.

மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் முகாமிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போய், 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்டி மூடுங்கள். கீழே இன்னொருவர் அதே ஓடையில்தான் பாட்டிலை நிரப்புகிறார்.

7. வானிலை

ஊருக்கான முன்னறிவிப்பைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். 1,000 மீட்டர் உயர்ந்தால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 25 என்றால், 1,500 மீட்டர் மேலே ஏறக்குறைய 15. அதில் நனைந்த சட்டையும் காற்றும் சேர்ந்தால் உடம்பு குளிர்ந்து விறைக்க உறைபனி தேவையில்லை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அபாயம். அடையாளம் சொல்கிறேன்: நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், பொத்தானைப் போட முடியாத விரல், தேவையில்லாத எரிச்சல், தடுமாற்றம். கூட வருகிறவர் திடீரென்று சிடுசிடுத்தால் முதலில் கோபித்துக்கொள்ளாமல் அவருக்குக் குளிர்கிறதா என்று பாருங்கள். ஈர உடையை மாற்றி, காற்று படாமல் மூடி, விழுங்க முடிகிறதென்றால் சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். மது மட்டும் வேண்டாம்.

வெயில் காலத்து இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரள்வதால், உயரமான முகடுகளை நண்பகலுக்குள் தாண்டிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். 3 நொடிக்கு ஒரு கி.மீ. 30 நொடிக்குள் இடி கேட்டால் இடிமேகம் 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது, முகட்டிலிருந்து இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்து நடையைத் தொடரலாம்.

2,500 மீட்டருக்கு மேல் தூங்கப் போகிறீர்கள் என்றால் உயர நோயும் (உயரத்தில் காற்று மெலிவதால் உடம்பு படும் அவதி) கணக்கில் வரும். தலைவலியோடு குமட்டலோ அசதியோ சேர்ந்தால் மேலே ஏறாதீர்கள், கூடினால் இறங்குங்கள். முதல் பயணத்துக்கு அவ்வளவு உயரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

8. ஃபோனும் சிக்னலும்

வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொண்டு ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் நெட்வொர்க் தேவையில்லை. சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்வதும் நிற்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு போகாத இடத்திலும் சில சமயம் எஸ்எம்எஸ் போய்விடும்.

அடிக்கடி போகப்போகிறீர்கள் என்றால் 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அவசர அழைப்புக் கருவியைப் பற்றி யோசிக்கலாம். 1982 முதல் உயிர் காத்துவரும் கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் அமைப்பு அதன் சமிக்ஞையைப் பிடித்து மீட்பு மையத்துக்கு அனுப்பும். வாங்கியதும் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். சாட்டிலைட் ஃபோனுக்கு மட்டும் எச்சரிக்கை: அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றமாகும் நாடுகள் உண்டு.

எதுவும் இல்லையென்றால் விசில் இருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதிலாக மூன்று கேட்டால் உங்களைக் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். வட அமெரிக்காவில் மூன்று முறை ஊதுவதே அபாய அழைப்பு. இரவில் விளக்கையும் இப்படியே காட்டலாம்.

9. வழி தவறினால்

நில்லுங்கள். உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் நடந்தோம் என்று யோசியுங்கள். வந்த தடம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்த இடத்துக்கே திரும்புங்கள். தெரியாவிட்டால், இருட்டப் போகிறதென்றால், யாருக்காவது அடிபட்டிருந்தால், இருந்த இடத்திலேயே இருங்கள். வீட்டில் கொடுத்த தாள் இப்போதுதான் வேலை செய்யும். ‘ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வரும்’ என்பதை நம்பி இறங்கி, அருவித் தலையில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

குழுவாகப் போனால் யாரையும் தனியே விடாதீர்கள். மெதுவாக நடப்பவரை வரிசையில் இரண்டாவதாக விடுங்கள். அவர் வேகமே குழுவின் வேகம். கிளை பிரியும் இடங்களில் எல்லோரும் வந்து சேரும்வரை நிற்க வேண்டும்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி, அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, முடிந்தவரை நடக்க விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

10. திரும்பி வந்ததும்

முதல் வேலை, தாள் வைத்திருப்பவருக்கு அழைத்து ‘வந்துவிட்டோம்’ என்று சொல்வது. களைப்பில் இதை மறந்து தூங்கிவிட்டால், உங்களைத் தேடி ஒரு கூட்டமே இருட்டில் மலை ஏறிக்கொண்டிருக்கும். கூடாரத்தை ஈரமாகச் சுருட்டி வைக்காமல் விரித்துக் காயப்போடுங்கள்.

அப்புறம் அந்தத் தாளின் நகலை எடுத்து, போட்ட கணக்கு நேரத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தை எழுதுங்கள். மூன்று நான்கு பயணத்துக்குப் பிறகு, நெய்ஸ்மித் கணக்கை ஒன்றரைக்குப் பதில் நீங்கள் எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். எனக்குச் சாதாரணப் பாதையில் 1.4, பாறைப் பாதையில் 1.7.